டிராகுலா: நாவல் பிறந்த விதமும் விடாமல் துரத்தும் பயமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிராம் ஸ்டோக்கர் எழுதி 1897 மே மாதம் லண்டனில் வெளிவந்த ‘டிராகுலா’ நாவலைப் பற்றி வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. கதையின் முடிவு வரை இங்கே பேசப்படுகிறது. முடிவு தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் முதலில் நாவலை முடித்துவிட்டு வருவது நல்லது.

நாவலை இன்னும் படிக்கவில்லை. சுருக்கமாகக் கதை என்ன?

ஜோனதன் ஹார்க்கர் ஒரு இளம் ஆங்கிலேய வக்கீல். லண்டன் பக்கத்தில் வீடு வாங்கும் ஒரு பிரபுவுக்குப் பத்திர வேலை முடித்துக் கொடுக்க, இன்றைய ருமேனியாவில் உள்ள டிரான்சில்வேனியா மலைக்குப் போகிறான். அந்தப் பிரபுதான் டிராகுலா. விருந்தாளியாகப் போன ஹார்க்கர் கைதியாகிறான். டிராகுலா 50 மண் பெட்டிகளோடு கப்பலேறி இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் இறங்குகிறான். ஹார்க்கரின் வருங்கால மனைவி மினாவின் தோழி லூசி அவனுக்கு முதல் பலியாகிறாள். அடுத்து அவன் மினாவையே தொடுகிறான். டாக்டர் சீவர்ட், அவருடைய குரு வான் ஹெல்சிங், லூசியை மணக்க இருந்த ஆர்தர், அமெரிக்கன் குயின்சி மாரிஸ், ஹார்க்கர், மினா ஆகிய ஆறு பேரும் சேர்ந்து அவனை அவன் ஊருக்கே திரும்ப ஓடவைத்து, கோட்டை வாசலில் முடிக்கிறார்கள். மே 3 அன்று தொடங்கும் டைரி நவம்பர் 6 அன்று முடிகிறது.

‘காதிக்’ என்று இதை ஏன் சொல்கிறார்கள்?

பாழடைந்த கோட்டை, பூட்டிய அறை, பழைய வம்சத்தின் பாவம், அதில் மாட்டிக்கொள்ளும் இளவயதுக்காரர்கள் என்று போகும் ஆங்கிலக் கதைமரபுக்குக் காதிக் என்று பெயர். ஹொரேஸ் வால்போல் 1764இல் வெளியிட்ட ‘ஒட்ரான்டோ கோட்டை’யிலிருந்து இது தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். அதன் இரண்டாம் பதிப்பில்தான் ‘காதிக் கதை’ என்ற துணைத்தலைப்பு சேர்ந்தது. இரத்தம் குடிக்கும் பிரபு என்ற உருவத்தை ஆங்கிலத்தில் நிலைநிறுத்தியது ஜான் பொலிடோரி எழுதி 1819இல் வெளிவந்த கதை. அயர்லாந்துக்காரரான ஷெரிடன் லெ ஃபானுவின் ‘கார்மில்லா’ 1871–72இல் வந்தது. ஆஸ்திரியாவின் ஸ்டிரியா பகுதியில் நடக்கும் அந்தக் கதையில் இரத்தம் குடிப்பவள் ஒரு பெண். ஸ்டோக்கர் தம் கதையையும் முதலில் ஸ்டிரியாவில்தான் வைத்திருந்தார்.

இந்த மரபில் ஸ்டோக்கர் செய்த பெரிய மாற்றம் ஒன்று உண்டு. முந்தைய கதைகளில் பேய் கோட்டைக்குள் இருக்கும், நாம் அங்கே போய் மாட்டிக்கொள்வோம். டிராகுலாவோ நம் ஊருக்கு வருகிறான். அதுவும் ரயில் அட்டவணையைப் படித்து, வக்கீல் வைத்து, பத்திரம் முடித்து, சரக்குக் கூலி கட்டி, எல்லாம் முறைப்படி செய்து வருகிறான்.

ஸ்டோக்கர் முழுநேர எழுத்தாளரா?

இல்லை. 1847இல் டப்ளின் பக்கம் குளோன்டார்ஃபில் பிறந்தவர். ஏழு வயது வரை பெரும்பாலும் படுக்கையிலேயே கிடந்த நோஞ்சான் குழந்தை. அம்மா சார்லட், ஸ்லைகோ ஊரில் 1832இல் காலரா வந்தபோது சிறுமியாகத் தான் கண்டதையெல்லாம் மகனிடம் சொன்னவர். பிறகு மகன் கேட்டுக்கொண்டதால் அதை எழுதியும் கொடுத்தார். ஸ்டோக்கர் டப்ளினில் அரசு குமாஸ்தா வேலை பார்த்தார். நீதிமன்ற குமாஸ்தாக்களின் கடமைகளைப் பற்றி அவர் எழுதிய கையேடு 1879இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, நடிகர் ஹென்றி இர்விங்கின் லைசியம் நாடக அரங்குக்கு மேலாளராக லண்டன் வந்துவிட்டார். கணக்கு, கடிதப் போக்குவரத்து, வெளியூர்ப் பயண ஏற்பாடு எல்லாம் அவர் தலையில்தான்.

இதை இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. டிராகுலா ஒரு குமாஸ்தா மனம் எழுதிய பேய்க்கதை. தேதி, முகவரி, ரசீது, தந்தி, எத்தனை பெட்டி எங்கே போயிற்று என்ற கணக்கு – கதையின் எலும்புக்கூடே இதுதான்.

இரவு நண்டு சாப்பிட்டுக் கெட்ட கனவு கண்டு எழுதினார் என்கிறார்களே?

நண்டுக் கதை பின்னாளில் வாழ்க்கை வரலாற்றின் வழியே பரவியது. ஸ்டோக்கரின் கைக்குறிப்புகள் நம்மிடம் இருக்கின்றன. அவர் 1912இல் இறந்தபின், 1913இல் ஏலம் போன அந்தக் கட்டு இப்போது ஃபிலடெல்ஃபியாவின் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் தேதியிட்ட முதல் தாள் 1890 மார்ச் 8. ஓர் இளைஞன் வெளியே போகிறான், பெண்களைப் பார்க்கிறான், ஒருத்தி உதட்டில் அல்ல, கழுத்தில் முத்தமிட வருகிறாள், கிழட்டுப் பிரபு வெறியோடு குறுக்கே புகுந்து “இவன் எனக்குரியவன்” என்கிறான். நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் இந்தக் காட்சி அப்படியே இருக்கிறது. கனவோ இல்லையோ, விதை இதுதான்.

சில நாளில் முழுத் திட்டமும் போட்டுவிட்டார்: நான்கு பாகம், பாகத்துக்கு ஏழு அத்தியாயம், மொத்தம் 28. அச்சில் வந்தது 27. நடுவே ஏழு வருடம் ஓடிவிட்டது. நாட்காட்டிபோல் கட்டம் கட்டிய தாள்களில் எந்த நாள் என்ன நடக்கிறது என்று குறித்திருக்கிறார். அந்தக் கிழமைகள் 1893ஆம் ஆண்டோடு பொருந்துகின்றன. நாவலில் எங்கேயும் ஆண்டு வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை என்பதால், ஆய்வாளர்கள் காலத்தை இப்படித்தான் கணக்கிட்டார்கள்.

விட்பி ஊருக்கு என்ன சம்பந்தம்?

1890 கோடையில் ஸ்டோக்கர் குடும்பத்தோடு அங்கே தங்கினார். கதைக்கு வேண்டிய மூன்று பொருள்கள் அங்கேதான் கிடைத்தன.

முதலாவது இடம். துறைமுகத்திலிருந்து 199 படிகள் ஏறினால் செயின்ட் மேரி தேவாலயமும் கல்லறைகளும் வரும், அதற்கு அப்பால் இடிந்த மடாலயம். லூசி தூக்கத்தில் நடந்து போய் உட்காரும் இடம் அது. இன்றும் அந்தப் படிகளில் ஏறலாம்.

இரண்டாவது கப்பல். 1885 அக்டோபரில் ‘டிமித்ரி’ என்ற ரஷ்யக் கப்பல் அந்தக் கடற்கரையில் தரைதட்டியது. நார்வா துறைமுகத்திலிருந்து வந்த கப்பல். பாரத்துக்கு வெள்ளி மணல் ஏற்றியிருந்தது. கடலோரக் காவல்காரர்களிடம் விசாரித்து ஸ்டோக்கர் விவரம் குறித்துக்கொண்டார். நாவலில் அது ‘டிமீட்டர்’ ஆகிறது, வார்னாவிலிருந்து வருகிறது, அதிலும் வெள்ளி மணல்தான். நார்வாவின் எழுத்துகளை மாற்றிப் போட்டால் வார்னா!

மூன்றாவது பெயர். அதை அடுத்த கேள்வியில் பார்க்கலாம்.

டிராகுலா என்பது கழுவேற்றும் மன்னன் விளாட் தானே?

பெயர் மட்டும்தான் அவனுடையது. விட்பி நூலகத்தில் வில்லியம் வில்கின்சன் 1820இல் வெளியிட்ட, வலாக்கியா–மால்டேவியா நாடுகளைப் பற்றிய புத்தகத்தை ஸ்டோக்கர் எடுத்துப் படித்தார். டிராகுலா என்றால் வலாக்கிய மொழியில் சாத்தான் என்று அதில் ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. வீரத்தாலோ கொடுமையாலோ தந்திரத்தாலோ பேர் வாங்கியவர்களுக்கு அந்த மக்கள் இந்தப் பட்டத்தைச் சூட்டுவார்களாம். அதை அப்படியே நகலெடுத்துக்கொண்டார். அதுவரை அவர் வில்லனுக்கு வைத்திருந்த பெயர் ‘கவுன்ட் வாம்பயர்’. குறிப்புத் தாளில் அந்தப் பெயரை அடித்து டிராகுலா என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அந்த ஒரு அடி கதையையே காப்பாற்றியது. முதல் பக்கத்திலேயே “நான் இரத்தக் காட்டேரி” என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு நிற்பவனிடம் என்ன மர்மம் இருக்கும்?

மூன்றாம் விளாட் 15ஆம் நூற்றாண்டில் வலாக்கியாவை ஆண்டவன். நாவல் பேசும் டிரான்சில்வேனியாவை அல்ல. அவன் தந்தை 1431இல் டிராகன் என்ற வீரர் சங்கத்தில் சேர்ந்ததால் ‘டிராகுல்’ ஆனார், மகன் ‘டிராகுலா’. ஸ்டோக்கரின் குறிப்புகளில் விளாட் என்ற பெயரும் இல்லை, கழுவேற்றிய செய்தியும் இல்லை. அந்தக் கொடுமைகள் தெரிந்திருந்தால், இரத்தம் பற்றிய நாவலில் அவர் ஒரு வரிகூட எழுதாமல் விட்டிருப்பாரா? இருவரையும் ஒன்றாக்கிய எண்ணம் பெரிதாகப் பரவியது 1972க்குப் பிறகுதான்.

சுற்றுலாவில் ‘டிராகுலா கோட்டை’ என்று காட்டப்படும் பிரான் கோட்டைக்கும் நாவலுக்கும் தொடர்பில்லை. ஹார்க்கர் போவது வடக்கே பிஸ்ட்ரிட்சா ஊரைத் தாண்டி, போர்கோ கணவாய்ப் பக்கம். பயணம் திட்டமிடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். பிரானுக்குப் போய்விட்டு “நாவலில் வரும் மாதிரி இல்லையே” என்று ஏமாறுகிறவர்கள் ஏராளம்.

அந்த நாட்டுக்கே போகாமல் எப்படி எழுதினார்?

புத்தகங்களிலிருந்து. முக்கியமானது எமிலி ஜெரார்ட் 1885இல் எழுதிய, டிரான்சில்வேனிய மூடநம்பிக்கைகள் பற்றிய கட்டுரை. செயின்ட் ஜார்ஜ் திருநாளுக்கு முந்தைய இரவில் கெட்ட சக்திகள் உலவும், புதையல் இருக்கும் இடத்தில் நீலச் சுடர் எரியும் என்பதெல்லாம் அங்கிருந்து வந்தவை. ஸ்டோக்கர் உறுப்பினராக இருந்த லண்டன் நூலகத்தில், அவர் பென்சிலால் கோடிட்ட புத்தகங்கள் இன்னும் அலமாரியில் இருப்பதை 2018இல் கண்டுபிடித்தார்கள். நூலகப் புத்தகத்தில் கோடு போடுவது தப்புதான். ஆனால் அந்தத் தப்பால் இன்று ஒரு நாவல் உருவான வழி நமக்குத் தெரிகிறது.

சாப்பாடுகூடப் படிப்பிலிருந்துதான். ஹார்க்கர் வழியில் பாப்ரிகா மிளகாய்த்தூள் போட்ட கோழி சாப்பிட்டுத் தாகத்தில் தவிக்கிறான். மினாவுக்காகச் செய்முறை வாங்க வேண்டும் என்று எழுதிக்கொள்கிறான். மறுநாள் காலை மக்காச்சோள மாவில் கிண்டிய களி, ‘மாமலிகா’. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. களியையும் கோழியையும் இவ்வளவு சரியாகச் சொல்கிறவன், அடுத்து சுவரில் தலைகீழாக ஊர்ந்து இறங்கும் மனிதனைப் பார்த்தேன் என்றால் அதையும் நம்பிவிடுகிறோம்.

முழுக்க டைரியும் கடிதமுமாக ஏன் எழுதினார்? படிக்கச் சிரமமாக இருக்கிறதே.

நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஹார்க்கரின் சுருக்கெழுத்து டைரி, மினாவின் டைரி, லூசியின் கடிதங்கள், சீவர்ட் மெழுகு உருளையில் பேசிப் பதிந்த ஃபோனோகிராஃப் டைரி, கப்பல் பதிவேடு, செய்தித்தாள் துணுக்கு, தந்தி எல்லாம் உண்டு. டிராகுலாவுக்கு மட்டும் டைரி இல்லை. அவன் மனதில் என்ன ஓடுகிறது என்று அறிய நமக்கு ஒரு தாள்கூடக் கிடையாது. தொடக்கத்து நான்கு அத்தியாயங்களுக்குப் பிறகு அவன் நேரில் வருவதும் மிகக் குறைவு. மற்றவர்கள் எழுத்தின் ஓரத்தில் நிழலாகத்தான் கடக்கிறான்.

இந்த முறை பயத்தை எப்படி உண்டாக்குகிறது என்பதற்குச் சில இடங்கள்.

டிராகுலா ஹார்க்கரிடம் மூன்று கடிதங்கள் எழுதச் சொல்கிறான். வேலை முடியப்போகிறது என்று ஒன்று, நாளை காலை கிளம்புகிறேன் என்று ஒன்று, கோட்டையை விட்டுவிட்டேன் என்று ஒன்று. தேதி என்ன போடட்டும் என்று ஹார்க்கர் கேட்கிறான். டிராகுலா கொஞ்சம் யோசித்து ஜூன் 12, ஜூன் 19, ஜூன் 29 என்கிறான். அன்றைக்குத் தேதி மே 19. தன் ஆயுள் எவ்வளவு என்று ஹார்க்கருக்கு அந்த நிமிடம் தெரிந்துவிடுகிறது. கத்தி இல்லை, இரத்தம் இல்லை, மூன்று தேதிகள்தான்.

லூசியின் சாவு இன்னும் கொடூரம். செப்டம்பர் 17 இரவு லூசி வீட்டில் காவல் இருக்கச் சொல்லி வான் ஹெல்சிங் சீவர்டுக்குத் தந்தி அடிக்கிறார். சீவர்டின் மனநல மருத்துவமனைக்குப் பக்கத்தில் டிராகுலா வாங்கிய வீட்டின் பெயரான கார்ஃபாக்ஸ் மட்டும்தான் முகவரியில் இருக்கிறது. மாவட்டப் பெயர் இல்லை. தந்தி சஸெக்ஸ் மாவட்டத்துக்குப் போய்ச் சுற்றி 22 மணி நேரம் தாமதமாக வந்து சேர்கிறது. அந்த இரவில் அவளுக்குக் காவல் இல்லை. நாவலில் இந்த விவரம் அடைப்புக்குறிக்குள் ஒரே வரியாக வருகிறது. வேகமாகப் படிக்கிறவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள்.

லூசியை அடக்கம் செய்தபின் ஒரு செய்தித்தாள் துணுக்கு வரும். ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் குழந்தைகள் காணாமல் போய்த் திரும்புகிறார்கள், கழுத்தில் சிறு காயம், “அழகான அம்மா” கூப்பிட்டாள் என்று மழலையில் சொல்கிறார்கள். அது யார் என்று நமக்குப் புரிந்துவிடும். கதையில் உள்ளவர்களில் வான் ஹெல்சிங் தவிர யாருக்கும் புரியாது. எல்லாத் தாளும் நம் கையில் இருக்க, அவர்கள் ஆளுக்கொரு தாளை வைத்துக்கொண்டு இருட்டில் நிற்கிறார்கள். கத்திச் சொல்ல வேண்டும் போலத் தோன்றும் அந்தத் தவிப்புக்காகத்தான் இத்தனை வருடமும் இந்த நாவலைக் கீழே வைக்க முடிவதில்லை.

அப்படியானால் மினாதான் கதையின் மையமா?

ஆம். சீவர்ட் மாதக்கணக்கில் உருளைகளில் பேசிவைத்திருக்கிறார். குறிப்பிட்ட ஓர் இடத்தை எடுக்க வேண்டும் என்றால் எப்படி என்று அவருக்கே தெரியாது. மினா உட்கார்ந்து கேட்டு எல்லாவற்றையும் தட்டச்சு செய்கிறாள், அதுவும் கார்பன் வைத்து ஒரே தட்டில் மூன்று பிரதி. பிறகு கணவன் டைரி, தன் டைரி, துணுக்குகள், தந்திகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குகிறாள். அடுக்கி முடித்தவுடன்தான் எதிரி யார், எங்கே இருக்கிறான், எத்தனை பெட்டி வைத்திருக்கிறான் என்று ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்குகிறது. 50 பெட்டிகளில் 29 கார்ஃபாக்ஸில். மீதி 21இல் ஆறு மைல் எண்ட் பக்கம், ஆறு பெர்மான்ஸியில், ஒன்பது பிக்கடில்லியில். அங்கே போய் எண்ணினால் எட்டுதான் இருக்கிறது. அந்த ஒரு பெட்டியைத் துரத்தித்தான் மீதிக் கதை.

டிராகுலாவுக்கும் இது புரிகிறது. மினாவைத் தாக்கிய இரவில் அவன் போகிற போக்கில் கையெழுத்துப் பிரதிகளை எரிக்கிறான், உருளைகளையும் நெருப்பில் எறிகிறான், மெழுகு உருகி நெருப்பு ஓங்கி எரிகிறது. ஆனால் இன்னொரு பிரதி இரும்புப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. ஐநூறு வருடப் பிரபுவைக் கார்பன் பிரதி தோற்கடிக்கும் இடம் அது.

படத்தில் பார்த்ததில் எதெல்லாம் நாவலில் இல்லை?

வெயில் பட்டால் சாம்பலாவது நாவலில் இல்லை. டிராகுலா பகலில் பிக்கடில்லியில் நடமாடுவதை ஹார்க்கர் பார்க்கிறான். பகலில் அவன் சக்தி குறையும், உருமாற முடியாது, அவ்வளவுதான். வெயிலில் சாவது 1922இல் வந்த ஜெர்மன் படம் ‘நோஸ்ஃபெராட்டு’ சேர்த்தது.

மார்பில் மர முளை அடிப்பது லூசிக்கு. டிராகுலா சாவது கத்தியால்: ஹார்க்கரின் கூர்க்கா குக்ரி கழுத்தை அறுக்க, குயின்சியின் கத்தி இதயத்தில் இறங்குகிறது.

அழகான இளைஞனும் அல்ல. தொடக்கத்தில் நீண்ட வெள்ளை மீசை வைத்த கிழவன், உள்ளங்கையில் ரோமம், நாறும் மூச்சு. இரத்தம் குடிக்கக் குடிக்க வயது குறைகிறது. காதலுக்காகக் கடல் தாண்டி வந்தான் என்பதும் பின்னால் வந்த சேர்க்கை.

தூக்கிய காலர் வைத்த மேலங்கி நாடகத்திலிருந்து வந்தது. ஹாமில்டன் டீன் 1924இல் மேடையேற்றியபோது, மேடையின் பொறிக்கதவு வழியாக நடிகர் நழுவி மறையத் தலையை மறைக்கும் காலர் தேவைப்பட்டது. 1927இல் நியூயார்க்கில் பேலா லுகோசி நடித்து, 1931இல் படமாக வந்தபின் அந்த உடை நிலைத்துவிட்டது.

நாவலில் உண்மையிலேயே இருப்பவை: கண்ணாடியில் உருவம் தெரியாது, பூண்டு ஆகாது, முதலில் யாராவது உள்ளே அழைத்தால்தான் வீட்டுக்குள் வர முடியும், தன் மண்ணில்தான் ஓய்வெடுக்க முடியும், ஓடும் நீரைத் தானாகக் கடக்கக் கடல் ஓதத்தின் நேரம் பார்க்க வேண்டும். கண்ணாடிக் காட்சியை மறக்க முடியாது. ஹார்க்கர் சவரம் செய்கிறான். தோளுக்குப் பின்னால் குரல் கேட்கிறது. கண்ணாடியில் யாரும் இல்லை. டிராகுலா கண்ணாடியைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிகிறான். இனி எப்படிச் சவரம் செய்வது, கடிகார மூடியிலா, சவரக் கிண்ணத்தின் அடிப்பக்கத்திலா என்று ஹார்க்கர் கவலைப்படுகிறான். பயத்தின் நடுவே இப்படி ஓர் அன்றாடக் கவலை வரும்போது அந்த அறைக்குள் நாமும் நிற்கிறோம்.

லூசிக்கு நான்கு பேர் இரத்தம் கொடுக்கிறார்களே, நடக்கிற காரியமா?

இன்றைய கண்ணில் அது மிக ஆபத்து. ஆர்தர், சீவர்ட், வான் ஹெல்சிங், குயின்சி என்று செப்டம்பர் 7க்கும் 18க்கும் இடையே நான்கு பேரின் இரத்தம் ஏற்றப்படுகிறது, எந்தச் சோதனையும் இல்லாமல். கார்ல் லாண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளை வெளியிட்டது 1901இல், நாவலுக்கு நான்கு வருடம் கழித்து. வகை பொருந்தாவிட்டால் ஏற்றிய சிவப்பணுக்கள் உடைந்து, நடுக்கம், காய்ச்சல், கறுத்த சிறுநீர், சிறுநீரகச் செயலிழப்பு என்று போய் உயிரே போகலாம். இரத்தம் உறையாமல் இருக்க அதைக் கலக்கி நார்ப்பொருளை நீக்குவது அன்றைய வழக்கம். ஆர்தரின் இரத்தம் சுத்தமானது, அது தேவையில்லை என்கிறார் வான் ஹெல்சிங். அதுவும் தப்பு. சிட்ரேட் சேர்த்து உறையாமல் வைக்கும் முறை 1914இல்தான் வந்தது.

ஸ்டோக்கர் மருத்துவத்தை அலட்சியமாக எழுதினார் என்று எண்ண வேண்டாம். அண்ணன் தார்ன்லி அறுவை மருத்துவர். மண்டைக் காயம் பற்றி அவர் எழுதித் தந்த குறிப்பு ஸ்டோக்கரின் தாள்களில் இருக்கிறது. சீவர்டின் மருத்துவமனை நோயாளி ரென்ஃபீல்டுக்குச் செய்யும் சிகிச்சை அதிலிருந்து வந்தது.

நம்முடைய வேதாளமும் காட்டேரியும் டிராகுலாவும் ஒன்றா?

வேதாளம் இரத்தம் குடிக்க அலைவதில்லை. பிணத்துக்குள் புகுந்து முருங்கை மரத்தில் தொங்கி, விக்கிரமாதித்தனுக்குக் கதை சொல்லிப் புதிர் போடும். குழப்பம் வந்தது மொழிபெயர்ப்பால். ரிச்சர்ட் பர்ட்டன் அந்தக் கதைகளில் பதினொன்றை 1870இல் ஆங்கிலத்தில் எழுதியபோது, தலைப்பில் வேதாளத்தை ‘வாம்பயர்’ ஆக்கிவிட்டார். பர்ட்டனை ஸ்டோக்கர் நேரில் அறிவார். பேசும்போது மேலுதடு தூக்கி அவருடைய கோரைப்பல் தெரிந்ததை 1906இல் வெளியிட்ட இர்விங் நினைவுகளில் எழுதியிருக்கிறார். அதற்காக வேதாளத்திலிருந்துதான் டிராகுலா வந்தான் என்று சொல்லிவிட முடியாது.

காட்டேரி வேறு. பல ஊர்களில் பயப்படும் தெய்வமாகவே படையல் வாங்குகிறவள் அவள். ‘இரத்தக் காட்டேரி’ என்ற தமிழ்ச்சொல் நமக்கு வசதியாக இருக்கிறது, ஆனால் இருவருடைய குணமும் வேறு.

வெளிவந்தவுடனே புகழ் பெற்றதா?

நல்ல வரவேற்புதான், பெரும் செல்வம் இல்லை. புத்தகம் வர எட்டு நாள் இருக்கும்போது, மே 18 அன்று லைசியத்தில் ஸ்டோக்கர் அதை நாடகமாக வாசிக்கவைத்தார். நாடக உரிமை தம்மிடம் இருக்க அப்போது அது ஒரு சட்டத் தேவை. வாசிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மஞ்சள் துணி அட்டையில் சிவப்பு எழுத்தோடு ஆறு ஷில்லிங்குக்குப் புத்தகம் வந்தது. கடைசி நேரம் வரை அதன் பெயர் ‘சாகாதவன்’ என்ற பொருளில் இருந்தது. ஆர்தர் கோனன் டாயில் பாராட்டிக் கடிதம் எழுதினார். ஆனால் 1911இல் உடல் நொந்த ஸ்டோக்கர், எழுத்தாளர்களுக்கான உதவி நிதிக்கு விண்ணப்பித்து 100 பவுண்ட் வாங்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு இறந்தார். உலகமெங்கும் தெரிந்த ஒரு பெயரை உருவாக்கியவர் அந்தப் புகழைப் பார்க்காமலே போனார் என்பது மனதை உறுத்தும் விஷயம்.

நோஸ்ஃபெராட்டு வழக்கு என்ன?

பெர்லினில் பிரானா என்ற நிறுவனம் அனுமதி வாங்காமல், டிராகுலாவை ‘ஓர்லோக்’ என்று பெயர் மாற்றிப் படமெடுத்து 1922இல் வெளியிட்டது. ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் எழுத்தாளர் சங்கத்தில் சேர்ந்து வழக்குத் தொடுத்தார். நிறுவனம் திவாலாகிவிட்டது. பிரதிகளை அழிக்கச் சொல்லி 1925இல் உத்தரவானது. சில பிரதிகள் தப்பின. அமெரிக்காவிலோ பதிப்புரிமைக்கான பிரதி ஒப்படைப்பு விதி சரியாக நிறைவேறாததால், நாவல் தொடக்கத்திலிருந்தே பொதுவுடைமை. யாரும் எடுக்கலாம், மாற்றலாம். இத்தனை படம், நாடகம், சித்திரக்கதை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல்முறை படிக்கிறேன். எப்படிப் படிப்பது?

குறைக்கப்படாத பதிப்பா என்று முதலில் பாருங்கள். 27 அத்தியாயம் இருக்க வேண்டும். ஸ்டோக்கரே 1901இல் சுருக்கிய மலிவுப் பதிப்பு ஒன்று உண்டு, அதிலிருந்து வந்த புத்தகங்களும் உலவுகின்றன. ஆங்கில மூலம் குட்டன்பர்க் திட்டத் தளத்தில் 345ஆம் எண்ணில் இலவசம். சுமார் 1,60,000 சொற்கள். நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்றால் இரண்டு வாரம்.

நின்றுவிடும் இடங்கள் இரண்டு. ஆறாம் அத்தியாயத்தில் கிழவர் ஸ்வேல்ஸ் பேசும் யார்க்ஷயர் வட்டார வழக்கு: வாய்விட்டுப் படித்தால் பாதி புரியும், மீதியை விட்டுவிடலாம். அடுத்து 18இலிருந்து 20 வரை, கூட்டம் போட்டுத் திட்டமிடும் பகுதி. அங்கே பெட்டிகளின் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டே போங்கள். சலிப்பு தேடலாக மாறும்.

நாவலைத் தேதிப்படி பிரித்து, மே 3இலிருந்து நவம்பர் வரை அந்தந்த நாளில் படிக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. இரண்டாம் வாசிப்புக்கு அருமை. முதல் வாசிப்புக்கு வேண்டாம். புத்தகத்தில் இறந்த மாலுமி சக்கரத்தில் கட்டப்பட்ட கப்பல் முதலில் கரைக்கு வரும், பதிவேடு பிறகுதான் வாசிக்கப்படும். தேதிப்படி போனால் ஒரு மாதம் முன்பே பதிவேட்டைப் படித்துவிடுவோம், “என்ன நடந்தது?” என்ற கேள்வியே எழாமல் போகும். ஹார்க்கரின் டைரி ஜூன் 30 அன்று அறுந்தபின் வரும் நீண்ட மௌனமும், ஆகஸ்டில் புடாபெஸ்ட் மருத்துவமனைக் கன்னிகாஸ்திரியின் கடிதம் வரும்வரை அவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாத தவிப்பும் புத்தக வரிசையில்தான் முழுமையாகக் கிடைக்கும்.

முடிவு சப்பென்று இருக்கிறதே?

டிராகுலா இரண்டு வெட்டில் தூளாகிவிடுகிறான், உண்மைதான். தட்டச்சுப் பிரதியில் கோட்டையே பூமி பிளந்து சரிந்து விழும் பத்தி ஒன்று இருந்தது, ஸ்டோக்கர் அதை எடுத்துவிட்டார். அச்சில் கோட்டை நிற்கிறது.

கடைசிப் பக்கத்தில், ஏழு வருடம் கழித்து ஹார்க்கர் எழுதிய சிறு குறிப்பு வரும். இரும்புப் பெட்டியிலிருந்து அந்தக் கட்டை எடுத்துப் பார்க்கிறார்கள். கடைசியில் எழுதிய சில டைரிகளும் வான் ஹெல்சிங்கின் ஒரு குறிப்பும் தவிர மூலம் என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. எல்லாம் மினா தட்டிய தாள்கள். இதைச் சாட்சி என்று காட்டினால் யார் நம்புவார்கள் என்கிறான் ஹார்க்கர். அருகே மினாவின் மகன் வான் ஹெல்சிங்கின் மடியில் உட்கார்ந்திருக்கிறான். கடைசிச் சண்டையில் குயின்சி இறந்த அதே தேதியில் பிறந்தவன் அவன். குழுவில் இருந்த ஆண்கள் எல்லோருடைய பெயரையும் சேர்த்து அவனுக்கு வைத்திருக்கிறார்கள், கூப்பிடுவது குயின்சி என்று.